ஆனி உத்திரத்துக்கு முன் ஒரு பதிவு

வாமதேவ அடிகள் துறவு பூணுவதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இது அவருடைய மாணாக்கர் பலருக்குத் தெரியாது. சபாநடேசருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலை அவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு மடத்துப் படியேறச் சற்று யோசித்திருப்பார்.

கும்பகோணத்து அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தச் சிறு மடம். அடிகளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சபாநடேசர் எழுபதைக் கடந்தவர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிகளுக்கு முன் அந்த மடத்தில் இருந்த பெரியவரிடம் தீட்சை பெற்றவர். ஆசானுடைய இடத்தில் அமர்ந்தவரே ஆசான் என்னும் முறைப்படி, தம்மினும் இளையவரை விழுந்து வணங்கித் திருநீறு பெற்றுக்கொண்டார்.

பெற்றுக்கொண்ட பிறகும் அவர் உட்காரவில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தார். சட்டையில் குத்திக்கொள்ளும் மைக். மேசையில் நிற்கும் மைக். பஞ்சுத் தொப்பி போட்ட இன்னொரு மைக். வட்ட விளக்கு. மடக்கு ஸ்டாண்டு. கடைசியாக, பெட்டியிலிருந்து முழுவதும் வெளிவராத ஒரு புதுக் காமிரா.

“இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது, சுவாமி? திருப்பி அனுப்பக் கெடு முடியப் போகிறது. ஒன்றைப் புகழ்ந்து நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். அதையே இகழ்ந்தும் நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் படித்துவிட்டேன். தூக்கம் போயிற்று.”

“இவையெல்லாம் எதற்கு, ஐயா?”

“பூசையைப் பதிவு செய்வதற்கு.”

“யார் பார்ப்பதற்கு?”

“நான் பார்ப்பதற்கு.”



சபாநடேசர் குடும்பத்தில் ஒரு படிகலிங்கம் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் திருமேனி. பாட்டனார் ஏற்படுத்திய முறைப்படி மூத்தவர் வீட்டில் ஐந்தாண்டு, இளையவர் வீட்டில் ஐந்தாண்டு. ஆனி உத்திரத்தன்று இறைவர் வீடு மாறுவார். வருகிற உத்திரத்தோடு சபாநடேசரின் முறை முடிகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி கனகசபையின் இல்லத்துக்கு இறைவர் எழுந்தருள வேண்டும்.

“மறுபடி எங்கள் வீட்டுக்கு வரும்போது வரவேற்க நான் இருப்பேனா என்று வைத்தியரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சிரிப்பு எனக்குப் புரிந்துவிட்டது, சுவாமி.”

“தம்பி வீட்டுக்குப் போய்ச் சேவிக்கலாமே?”

“போகலாம். விருந்தாளியாகப் போய் ஓரமாக நிற்கலாம். அங்கே பூசை அவன் பூசை. என் பூசை எனக்கு வேண்டும். ஒரு நாள் பூசையைக் குறையில்லாமல் பதிவு செய்துவிட்டால், தினமும் காலையில் அதை முன்னால் வைத்துக்கொண்டு என் காலத்தைக் கடத்திவிடுவேன். ஆனால் வரமாட்டேன் என்கிறது. பதிகம் பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. காமிராவோ சுவாமியைப் பார்க்கவே மறுக்கிறது. படிகமல்லவா? ஊடுருவிப் போய்ப் பின்னால் இருக்கும் செவ்வரளியைப் பிடித்துக்கொள்கிறது. செவ்வரளியை எடுத்தால் சுவரைப் பிடிக்கிறது. இதைவிட விலை கூடியது ஒன்று வந்திருக்கிறதாம். அதை வாங்கட்டுமா?”

அடிகள் பஞ்சுத் தொப்பி மைக்கை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சட்டை மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இது போதும். மைக்கின் குணம் விலையில் இல்லை, ஐயா. தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். அதற்கு மேல் போனால் எந்த மைக்கும் சுவரைத்தான் கேட்கும், உங்களைக் கேட்காது. கூடத்தில் சுவரோரமாக ஜமக்காளம், மெத்தை விரிப்பு எது இருந்தாலும் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.”

“காமிரா?”

“திருப்பி அனுப்புங்கள். உங்கள் போனே போதும். சுவாமியின் திருமுடியில் ஒரு வில்வத்தைச் சாத்தி, திரையில் அந்த வில்வத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பார்வை அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு அலையாது.”

“பூட்டிய பிறகு வில்வத்தை எடுத்துவிட வேண்டுமா?”

“ஏன் எடுக்க வேண்டும்? இருக்கட்டும்.”

சபாநடேசர் அவரையே பார்த்தார். “சுவாமிக்கு இதெல்லாம் எப்படி…?”

“முன்பு கல்யாணங்கள் எடுத்தேன். தாலி கட்டும் நேரத்தில் தவறாமல் மாப்பிள்ளையின் தாய்மாமன் குறுக்கே வந்து நிற்பார். அங்கே தொடங்கியது என் வைராக்கியம்.”

சபாநடேசர் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதே சாமான்களைப் பைக்குள் அள்ளத் தொடங்கியிருந்தார்.

“உங்கள் வீட்டு அம்மா நலமா?” என்று கேட்டார் அடிகள். “உங்களோடு சேர்ந்து தீட்சை பெற்றவர் அல்லவா?”

“ஆமாம் சுவாமி. ஒரே நாளில், ஒரே இலையிலிருந்து திருநீறு வாங்கினோம். நலமாக இருக்கிறாள். அவளுக்கு அடுப்படியே கைலாயம்.”

இதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு விடைபெற்றார்.

மறுநாள் முதல் அவர் வீடு வீடாக இல்லை.

கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டிக் கிழக்கு நோக்கி இறைவர் வீற்றிருந்தார். அதற்கு எதிர்ப்புறம், தென்கிழக்கு மூலையில், சமையலறை வாசல். மற்ற சுவர்களிலெல்லாம் ஜமக்காளங்களும் கம்பளிகளும் தொங்கின. விசிறி நின்றது. பிரிட்ஜின் இரைச்சல் கேட்கிறதென்று அதையும் நிறுத்தினார், பால் திரிந்தது. குக்கர் விசில் கேட்கக் கூடாதென்றார். பொங்கலை வெண்கலப் பானையில் வைக்கும்படி ஆயிற்று. மாடியில் குடியிருந்தவர் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். சபாநடேசர் பூசையை நிறுத்திவிட்டு, ஈர வேட்டியோடு மாடிப்படியில் பாதி ஏறி, கைகூப்பி வேண்டிக்கொண்டு இறங்கி வந்தார். வருவதற்குள் கற்பூரம் தீர்ந்திருந்தது.

ஜன்னலோரம் வெளிச்சம் அழகாக இருந்ததென்று ஒருநாள் இறைவரைப் பீடத்தோடு அங்கே எழுந்தருளச் செய்தார். அவருடைய மனைவி தையல்நாயகி பூக்குடலையோடு வந்தவர் அப்படியே நின்றார்.

“கிழக்கப் பார்த்து உக்காந்திருந்த சுவாமியைத் தெருவப் பார்த்து வெச்சிருக்கீங்களே. என்ன, பஸ்ஸுக்குக் காத்திருக்காரா?”

“வெளிச்சத்துக்காக, தையல். ஒரு நாள்தான்.”

“கோயம்புத்தூர் போறதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்பவே வாசலுக்கு அனுப்பாதீங்க.”

அந்தச் சொல் அவரைச் சுட்டது. உடனே பீடத்தைப் பழைய இடத்துக்கே மாற்றினார்.

அடுத்த நாள் ஒலி நன்றாக வந்தது. அடிகள் சொன்ன ஒரு சாண் கணக்கு பொய்க்கவில்லை. நன்றாக வந்ததனால் முன்பு கேட்காதவையெல்லாம் கேட்டன. நைவேத்தியத் தட்டை வைக்கும்போது கலகலவென்று ஓர் ஓசை. சபாநடேசர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“தையல், தட்டை வெக்கறப்போ வளையல் சத்தம் வருது. அதைக் கழட்டி வெச்சுட்டு வாயேன்.”

தையல்நாயகி வெளியே வந்தார்.

“என்ன சொன்னீங்க?”

“ஒரு அஞ்சு நிமிஷந்தானே…”

“விளக்கேத்தின வேளையில, சுவாமி முன்னால, கட்டினவளை வளையலைக் கழட்டச் சொல்றீங்க. நல்லா இருக்கு. பதிகம் பாடற வாய்தானே அது? போய்க் கொப்புளிச்சுட்டு வாங்க.”

தாம் சொன்னது இன்னதென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. உண்மையாகவே போய் வாய் கொப்புளித்துவிட்டு வந்தார். வந்ததும் மறுபடி பதிவைத் தொடங்கினார்.

தையல்நாயகி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி முந்தானையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். மணி ஒலித்ததும் வந்து, படச் சட்டத்தின் ஓரத்திலிருந்து தட்டை ஓசையின்றி உள்ளே நகர்த்திவிட்டுத் திரும்பிப் போனார். படத்தில் மணிக்கட்டு வரை ஒரு கை வந்தது, மறைந்தது. நிவேதித்து முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டார்.

“வேகமா எடுத்துட்டியே. மறுபடி வை” என்றார் சபாநடேசர்.

“காட்டியாச்சே.”

“சரியா விழலை. மறுபடி காட்டிக்கிறேன்.”

“சாப்பிட்டு முடிச்சவரை எழுப்பித் திரும்ப உக்காத்தி வெச்சு, அதே எலையில பரிமாறுவீங்களா? நம்ம வீட்டு விருந்தாளிக்கு இப்படிச் செஞ்சா நான் விடமாட்டேன். சரி, வைக்கிறேன்.”

வைத்தார். சபாநடேசர் நீர் சுற்றினார்; கண்ணை மூடவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டார். தீபம் காட்டினார். நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்போது பதிவாகிக்கொண்டிருந்த அந்தப் போனே மணியடித்தது. தம்பி கனகசபை.

“அண்ணா, பூசை முடிஞ்சிருக்கும்னு கூப்பிட்டேன். சுவாமியைக் கார்ல கொண்டு வர்றீங்களா, ரயில்லயா? இங்க பீடமெல்லாம் தயார். வெள்ளிக்கு மெருகு போட்டாச்சு.”

“தயாரா?”

“ஆமாண்ணா. நீங்க கவலையே படாதீங்க. தினமும் காலையில வீடியோ கால் போட்டுக் காட்டறேன்.”

“நீ காட்டுவே” என்றார் சபாநடேசர். “எப்ப வர்றேன்னு சொல்றேன். வை.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். தீபம் அணைந்திருந்தது. அன்றைக்கு மறுபடி தொடங்க அவருக்குத் தெம்பில்லை. தையல்நாயகி ஆறிய பொங்கலைத் தட்டில் போட்டுக் கொடுத்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டே மெமரி கார்டில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதென்று பார்த்தார்.

இவ்வாறு பல நாட்கள் போயின. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் கூடி வந்தது. மோட்டார் ஓடவில்லை. போனுக்கு அழைப்பு வராமல் செய்திருந்தார். குரல் கம்மவில்லை. வில்வத்தில் பூட்டிய பார்வை இறுதிவரை அலையவில்லை. முடிந்ததும் சபாநடேசர் சாப்பிடாமலே மடத்துக்கு ஓடினார்.

“வந்துவிட்டது, சுவாமி. பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்கள்.”

“ஒருநாள் நைவேத்தியம் சரியாக விழவில்லை. காட்டிய பொங்கலையே மறுபடி காட்டினேன். ஒருமுறை நிவேதித்த உடனே அது பிரசாதமாகிவிட்டதே. பிரசாதத்தைத் திரும்ப நிவேதிப்பது குற்றமாகாதா?”

“முதல் தடவை யாருக்கு நிவேதித்தீர்கள்?”

சபாநடேசர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

“காமிராவுக்கு.”

“அப்படியானால் சுவாமிக்கு ஒருமுறைதான் ஆயிற்று. குற்றமில்லை.”

“இரண்டாவது தடவையும் காமிரா இருந்ததே, சுவாமி.”

அடிகள் போனை வாங்கிச் சிறிய மணையின்மேல் சாய்த்து வைத்து, சம்மணமிட்டு அமர்ந்து, கைகூப்பிக்கொண்டு பதிவை முதலிலிருந்து பார்த்தார். வேகமாக ஓட்டிப் பார்க்கவில்லை. மணி, சங்கற்பம், அபிஷேகம், சாத்துபடி, பதிகம், நைவேத்தியம், தீபம் எல்லாவற்றையும் பார்த்தார். சபாநடேசர் பக்கத்தில் அமர்ந்து அடிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே, “இந்த இடத்தில் ஒளி கொஞ்சம் குறைவு” என்றும், “இதோ, இப்போது சரியாகிவிடும்” என்றும் முணுமுணுத்தார்.

முடிந்ததும் அடிகள் பதிவைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஓரிடத்தில் படத்தை நிறுத்தினார். இரண்டு விரல்களால் விரித்துப் பெரிதாக்கினார். படிகம் திரை முழுவதும் நிறைந்தது.

“இது என்ன, ஐயா?”

படிகத்தின் மேனியில் கூடம் முழுவதும் சிறிதாய் வளைந்து விழுந்திருந்தது. வட்ட விளக்கு ஒரு வெள்ளை வளையமாய்த் தெரிந்தது. ஸ்டாண்டின் கால்கள் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடுகளவு மஞ்சள்.

சபாநடேசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“அது… தையல்நாயகி. மஞ்சள் புடவை. சமையலறை வாசலில் நிற்கிறாள்.”

“என்ன செய்கிறார்?”

“எட்டிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. நான் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, அதனால் கழுத்தை நீட்டி…” என்றவர் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “கவனிக்கவே இல்லை! சட்டத்துக்கு வெளியே நின்றாலும் படிகத்தில் விழுந்துவிடுகிறது பாருங்கள். நாளைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி எடுத்துவிடுகிறேன்.”

அடிகள் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு போனை அவர் கையில் கொடுத்தார்.

“வேண்டாம். இந்தப் பதிவு நன்றாக இருக்கிறது. உத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதல்லவா? நீங்கள் பொறியாளர். புது இயந்திரம் வந்தால் பழையதைக் கழற்றி அனுப்புவதற்கு முன் என்ன செய்வீர்கள்?”

“புதியதை ஓட்டிச் சோதிப்போம். ஏதாவது குறை இருந்தால் பழையது கையில் இருக்கும்போதே சரி செய்துகொள்ளலாம்.”

“அதையே செய்யுங்கள். நாளைக் காலையில் விடியும்போதே ஒரு பூவும் நீரும் இட்டுச் சுவாமியைச் சம்புடத்தில் எழுந்தருளச் செய்யுங்கள். பூசை நேரம் வந்ததும் பதிவை முன்னால் வைத்துக்கொண்டு அமருங்கள். உத்திரத்துக்குப் பிறகு எப்படி அமர்வீர்களோ அப்படி.”

“நாளைக்கேவா?”

“குறை இருந்தால் தெரிந்துவிடுமே.”

சபாநடேசர் ஒப்புக்கொண்டார். இருந்தும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு இடங்களில் நின்று நின்று நடந்தார்.

மறுநாள் காலை வெள்ளிச் சம்புடத்தின் மூடி சாத்தப்பட்டது. பேரன் விடுமுறைக்கு வந்தபோது விட்டுச் சென்ற டேப்லெட்டைப் பீடத்தின் முன் நிறுத்திப் பதிவை அதில் ஏற்றினார். தையல்நாயகி சமையலறையிலிருந்து கேட்டார்.

“பானையை ஏத்தவா?”

“வேண்டாம். நைவேத்தியம் இதுலயே இருக்கு.”

“அப்ப எனக்கு வேலை?”

“இன்னிக்கு ஒண்ணுமில்லை.”

சபாநடேசர் அமர்ந்தார். பதிவு தொடங்கியது. மணியை எடுக்கக் கை நீட்டினார். மணி அதற்குள் திரையில் ஒலித்துவிட்டது. சொம்பை எடுத்தார், திரையில் நீர் விழுந்துகொண்டிருந்தது. சொம்பைக் கீழே வைத்தார். பதிகத்தைக் கூடப் பாடினார். பதிவிலிருந்த சபாநடேசர் ஒரு மூச்சு முந்திப் பாடினார். இவர் விரைந்தார்; அவர் நிதானித்தார். இவர் நிறுத்திக்கொண்டார். வெளிச்சம் குறைந்த இடம் வந்தது. அதை எப்படிச் சரி செய்வதென்று யோசித்தார். யோசித்து முடித்தபோது பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கை, பூக்குடலைக்குள் போயிற்று. குடலை காலி. அன்று ஒரு பூவுக்கு மேல் பறிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். அது மடியில் தங்கவில்லை.

ஏதோ அசைவு தெரிந்து திரும்பினார். தையல்நாயகி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தன.

“பால் ஊத்தறப்போ சுவாமி காணாமப் போயிடறாரே!” என்றார் அவர்.

“படிகமாச்சே. பாலோட பாலாயிடும்.”

“தண்ணி விட்டதும் திரும்ப வர்றாரு. பாருங்க… வந்துட்டாரு. தினமும் இப்படியா?”

“தினமும்தான்.” அவர் மனைவியைப் பார்த்தார். “நீ பார்த்ததில்லையா?”

“எங்க பாக்கறது? முதல் மணிக்குப் பொங்கலை ஏத்தணும். ரெண்டாம் மணிக்குத் தட்டு வரணும். நடுவுல கெளறாம விட்டா அடி பிடிக்கும். எனக்குப் பூசைன்னா மணிச்சத்தம்தான்.”

குறை சொல்லும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். சபாநடேசர் பேச வாயெடுத்தார்.

“ஸ்ஸ்” என்றார் தையல்நாயகி. “சந்தனம் வெக்கறீங்க.”

தீபாராதனை முடிந்தது. தையல்நாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தரம் போடுங்களேன். அந்தப் பால் எடத்துலேருந்து போதும்.”

போட்டார். மனைவி திரையைப் பார்த்தார். இவர் மூடியிருந்த சம்புடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் சபாநடேசர் மடத்துக்கு வந்தபோது கையில் பை இல்லை. வணங்கித் திருநீறு பெற்றார். இந்த முறை உடனே உட்கார்ந்தார்.

“சோதனை எப்படி இருந்தது, ஐயா?”

“ஒலியில் குறையில்லை. படத்திலும் குறையில்லை.”

“பிறகு?”

“கை சும்மா இருந்தது, சுவாமி.” தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். “பூசை செய்தவன் அதற்குள் இருந்தான். நான் வெளியே உட்கார்ந்து அவனுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமியை நான் பார்க்கவே இல்லை. எடுத்த நாட்களிலும் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தேன்.”

“அம்மா என்ன செய்தார்?”

“அவள் இரண்டு தரம் பார்த்தாள்.” சபாநடேசரின் குரல் இறங்கியது. “சுவாமி பாலில் மறைந்து நீரில் வெளிப்படுவதை அவள் பார்த்ததே இல்லையாம். இத்தனை வருடம் அந்த வீட்டிலேயே இருந்தும் பார்க்கவில்லையாம்.”

மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் சந்துக்குள் கேட்டது.

“உத்திரம் நெருங்கிவிட்டது” என்றார் சபாநடேசர். “சுவாமி புறப்பட்ட பிறகு இந்தக் கைகளுக்கு என்ன வேலை கொடுப்பேன்? அதை மட்டும் சொல்லுங்கள்.”

“புறப்பட்ட பிறகு உள்ளதைப் பிறகு பார்ப்போம். நாளைக் காலையிலேயே அவற்றுக்கு வேலை இருக்கிறது. உங்களுக்கு வெண்பொங்கல் வைக்கத் தெரியுமா?”

“எனக்கா? தெரியாதே, சுவாமி. அதையெல்லாம் தையல்நாயகி பார்த்துக்கொள்வாள்.”

“அவர் நாளைக்கு அபிஷேகம் செய்துகொண்டிருப்பாரே” என்றார் அடிகள்.